அவுட்டாகாத பிள்ளை

எங்க கெணத்துக் காம்பவுண்டுல கெணத்துக்குள்ள தண்ணி கிடந்த காலம், வேப்பமரத்துப் பச்சை வேற, புளியமரத்துப் பச்சை வேறன்னு பிள்ளைங்க பிரிச்சுச் சொன்ன காலம், ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி கதவைப் பூட்டிட்டோமான்னு எந்திரிச்சு ஒருக்கா பாத்துக்கிட்ட காலம், அந்தக் காலத்துலதான் வெயிலாட்சி வேலை பாக்குற பிரஸ்ஸுக்கு வெளிநாட்டுல இருந்து ஒரு விளையாட்டுப் பெட்டி வந்து இறங்குச்சு. ரொம்பப் பழைய கதைன்னு நினைச்சுக்கிடாதீங்க. போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி.

நான் சீனித்தாய். பிரஸ்ஸுக்கு வீட்டுல இருந்தே அட்டைப்பெட்டி ஒட்டிக் குடுக்குறவ. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்னு காம்பவுண்டுல பேசிக்கிடுவாங்க, பேசட்டும், வாய் இருக்கப்போயிதான் இதைச் சொல்ல முடியுது. எங்க ஊரு சிவகாசிக்குப் பக்கம். ஒண்ணு காகிதத்துல மையை அப்புவோம், இல்லாட்டி காகிதத்துக்குள்ள வெடிமருந்தை அடைப்போம், மூணாவது சோலி எங்களுக்குத் தெரியாது. எனக்கு அடுத்த வீடு வெயிலாட்சி வீடு. அவ பிரஸ்ஸுல கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கிறவ, அவ புருஷன் சோலைராசு அங்கேயே கட்டிங் மிஷின் ஓட்டுறவன், அவங்களுக்கு ஒரே பொண்ணு இலக்கியா, அப்ப ஒண்ணாப்பு படிச்சா. அந்தப் பிள்ளைக்குத்தான் ரத்தத்துல என்னமோ கோளாறுன்னு சொல்லிட்டாங்க. மதுரைக்குக் கொண்டு போயி ரத்தம் ஏத்திக் கொண்டு வருவாங்க, கொஞ்ச நாள் குதிப்பா, மறுபடியும் காலண்டரோட பின்பக்கம் மாதிரி வெளுத்துப் போயிருவா. கடைசியாப் போனப்ப அந்த டாக்டரம்மா வெயிலாட்சி கையைப் பிடிச்சுக்கிட்டு, இனிமே வீட்டுலயே வச்சுப் பாத்துக்கோங்கம்மான்னு சொல்லிட்டாங்க. அதோட அர்த்தம் எங்க எல்லாருக்குமே தெரியும்.

அந்த நேரம் பாத்துத்தான் பிரஸ் மொதலாளி இந்தப் பெட்டியைத் தூக்கிட்டு வந்து அவ மேசையில வச்சாரு. உள்ள மரத்துல செஞ்ச குட்டிக் குட்டி வீடு, கெணறு, சந்தை, சீட்டுக்கட்டு, தாயக்கட்டை, விரிச்சா பாதி ரூமை அடைக்கிற அட்டை. ஊர் கட்டுற ஆட்டமாம். அதுக்குச் சட்டம் சொல்ற புஸ்தகம் கல்யாண ஆல்பம் தண்டி இருந்துச்சு.

“ஏம்மா வெயிலாட்சி, இதை நம்மாளு எவன் படிப்பான்?”னாரு மொதலாளி. “தமிழ்ல நாம போடுறோம், ஆனா ஞாயித்துக்கிழமை கறிக்கொழம்பு கொதிச்சு எறங்குறதுக்குள்ள ஆட்டம் புரியவும் செய்யணும், முடியவும் செய்யணும். பெரிசு சிறுசு எல்லாம் குடும்பமா உக்காந்து ஆடணும். தேவையில்லாததை வெட்டு. வெட்டிக்கிட்டே இரு.”

அவளும் வெட்ட ஆரம்பிச்சா. முதல்ல வெட்டுனது திருடன் சட்டம். திருடன் சீட்டு வந்தா அடுத்தவன் வீட்டுல எதை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது, பிடிபட்டா என்ன தண்டனைன்னு பக்கம் பக்கமா நீண்டு கிடந்துச்சு, தூக்கிப் போட்டுட்டா. ப்ரூஃப் எடுத்துக் கம்பியில காயப் போட்டுட்டு வீட்டுக்கு வந்தா. மை காஞ்சிருக்கும், அவ்வளவுதான் நேரம், ஊரறிஞ்ச திருடன் ஓடுபிரிச்சான் முனியாண்டி டீக்கடை பெஞ்சுல உக்காந்து தன்னோட ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு, “அண்ணே, நான் என்ன வேலை பாத்துக்கிட்டு இருந்தேன்?”னு மாஸ்டர்கிட்ட கேட்டான். அவரு கிளாஸ் கழுவுடான்னுட்டாரு. ஸ்டேஷன்ல ஏட்டையா பின்பக்கம் கத்திரிச் செடி வச்சாரு. நாங்க பூட்டையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டோம். ஏன் எதுக்குன்னு ஒருத்தரும் கேக்கல, திருட்டு நின்னா நல்லதுதானே, எவன் கேப்பான்? பூட்டுக்கடைக்காரரு மட்டும் கொஞ்ச நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தாரு, பெறகு அதே கடையில செல்போன் கவர் தொங்கவிட்டாரு.

அடுத்து, காட்டுக்கு ஒரு பச்சை, வயலுக்கு ஒரு பச்சை, தோப்புக்கு ஒரு பச்சை, புல்லுக்கு ஒரு பச்சைன்னு அட்டையில போட்டிருந்ததை, பச்சைன்னா பச்சை, எதுக்கு நாலுன்னு மொதலாளி சொல்லி ஒண்ணாக்கிட்டா. விடிஞ்சு வாசல் தெளிக்க வந்தா வேம்பு, புளி, வாழை, எருக்கு எல்லாம் ஒரே டின்னுல இருந்து எடுத்துப் பூசுன மாதிரி நிக்குது. எங்களுக்கு அதனால ஒண்ணும் கெட்டுப் போகல. ஆடுகதான் பாவம், எதைக் கடிக்க, எதை விடன்னு தெரியாம செடிக்கு முன்னால நின்னு முழிச்சதுக.

பெறகு வழக்குச் சட்டத்தை வெட்டுனா. கீழத்தெரு அழகர்சாமிக்கும் அவரு தம்பிக்கும் பொதுச்சுவரு விசயமா நடந்த வழக்கு அன்னைக்கே ஆவியாப் போச்சு. ஆகா, அண்ணன் தம்பி சேர்ந்துட்டாங்கன்னு நாங்க நினைச்சோம். எங்க சேர்ந்தாங்க? சண்டை போடுறதுக்காகவாவது ஒருத்தரை ஒருத்தர் பேரு சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க, இப்ப அதுவும் இல்லாம ரெண்டு பேரும் அந்தச் சுவத்துக்கு ரெண்டு பக்கமும் உக்காந்து தெருவைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. இன்னமும் அப்படித்தான் உக்காந்திருக்காங்க.

இப்படி நடக்குதுன்னு ஊருக்குத் தெரிஞ்சதும் வெயிலாட்சி வீட்டு வாசல்ல ரேஷன் கடை மாதிரி கூட்டம். மாமியாரை வெட்ட முடியுமான்னு ஒருத்தி வந்தா, அந்த ஆட்டத்துல மாமியாருக்குச் சட்டமே இல்லக்கான்னு சொல்லி அனுப்புனா. வெடி ஆபீஸ்காரங்களும் பிரஸ்காரங்களும் சேர்ந்து வந்து, மழை பெஞ்சா மருந்து காய மாட்டேங்குது, மை காய மாட்டேங்குது, அந்த மழைச் சீட்டை எடுத்துரும்மான்னு கேட்டாங்க. நாங்களும்தான் பின்னால நின்னு ஆமா ஆமான்னோம். எடுத்துட்டா. எங்க காம்பவுண்டுக் கெணறு படிப்படியா இறங்கி, தவளை இறங்கி, கடைசியா வாளி மட்டும் தரையில போயி முட்டுச்சு. அதுக்கென்ன, லாரித் தண்ணி வருதேன்னு சொல்லிக் குடத்தை வரிசையில வச்சோம். பிள்ளைங்க கெணத்துப் பக்கம் காஞ்சு கிடந்த தொட்டிக்குள்ள இறங்கி ஒளிஞ்சு விளையாடுச்சுக.

ஊருக்கு அத்தனை செஞ்சவ தன் பிள்ளைக்குச் செய்ய மாட்டாளா? நோய்ச் சீட்டை வெட்டுனா. பொட்டுப் பொட்டா கண்ணீர் விழ விழத்தான் டைப் அடிச்சான்னு சோலைராசு சொன்னான். மறுநாள் மதுரைக்குக் கொண்டு போனாங்க. டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் புரட்டிப் புரட்டிப் பாத்துட்டு, பிள்ளைக்கு ஒரு நோயும் இல்லையேன்னாங்க. யாருக்குமே நோய் இல்லையாம், ஆஸ்பத்திரியில நர்சுங்க உக்காந்து பூக் கட்டிக்கிட்டு இருந்தாங்களாம். ஆனா நோய்க்குப் பேருதான் போயிருந்துச்சு. இலக்கியா ஒரு நோயும் இல்லாமலேயே மெலிஞ்சா, ஒரு நோயும் இல்லாமலேயே மூச்சு வாங்குனா. முன்னாடியாவது இதுக்கு இந்த மாத்திரைன்னு ஒண்ணு இருந்துச்சு.

“அப்ப மூலத்தையே வெட்டுறேன்”னா வெயிலாட்சி. எல்லாத்தையும் இழந்தவர் ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டும்னு ஒரு சட்டம், அதான் அவுட்டு, அதைத் தூக்கிட்டா. ஆத்தி! அந்த ஞாயித்துக்கிழமையை நினைச்சா இப்பவும் எனக்குக் கறி இறங்க மாட்டேங்குது. கறிக்கடையில அறுத்து வச்ச ஆட்டுத் தலை கட்டை மேல இருந்து கத்துது. பால்க்கார ராமையா தாத்தா தொண்டையில உசிரு இழுத்துக்கிட்டுக் கிடந்தவரு, போகவும் முடியாம, இருக்கவும் முடியாம, கட்டில் சட்டத்தைப் பிராண்டுறாரு. அவரு மக்கமாரு, கல்லு மாதிரி ஆளுங்க, வெயிலாட்சி வாசல்ல வந்து விழுந்து, “எங்க அப்பாவை விட்டுரு தாயி, அவரைப் போகவிடு”ன்னு கதறுனாங்க. அவ என்ன செய்வா? அந்த அவுட்டுச் சட்டத்தைத் திரும்ப எழுதிப் போட்டுட்டா. மை காஞ்சுது, ராமையா தாத்தா போயிட்டாரு, அந்த வீட்டுல சந்தோசமா அழுதாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் வேப்பமரத்தடியில எங்க காம்பவுண்டுப் பிள்ளைங்க ப்ரூஃப் அட்டையை விரிச்சு ஆடிக்கிட்டு இருந்துச்சுக. இலக்கியா சுவத்தைப் பிடிச்சுப் பிடிச்சு நடந்து வந்து, நானும் வாரேன்னு நின்னா. என் மக சுபா சொன்னா, “சரி, இவ ஒப்புக்குச் சப்பாணி.”

நம்ம எல்லாருமே ஒரு காலத்துல அப்படி இருந்திருப்போம். ஓடிப்பிடிச்சு விளையாடுறப்ப நண்டும் சிண்டுமா ஒண்ணு வந்து நானும்னு அழும், அதோட வாயை அடைக்க, நீ ஒப்புக்குச் சப்பாணின்னு சேத்துக்கிடுவோம். அதுவும் ஓடும், ஒளியும், கத்தும். தொட்டாலும் அதுக்கு அவுட்டு கிடையாது, ஜெயிச்சாலும் அது கணக்கு கிடையாது. வாசல்ல அரிசி பொடைச்சுக்கிட்டு இருந்த வெயிலாட்சி கையில சொளகு அப்படியே நின்னுபோச்சு. எந்திரிச்சுச் செருப்பு கூடப் போடாம பிரஸ்ஸுக்கு ஓடுனா. ஓடிப் போயி எழுதுனா: “ஆட்டத்தில் ஒருவரை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்ளலாம். அவரை யாரும் வெளியேற்ற முடியாது. அவர் கணக்கில் சேர்த்தி இல்லை. உதாரணம்: இலக்கியா.”

“அட, இதுதாம்மா குடும்ப ஆட்டம்! வெளிநாட்டுக்காரனுக்கு இது தோணுமா?”ன்னு மொதலாளி மேசையைத் தட்டுனாரு.

பிள்ளை பிழைச்சுக்கிட்டா. காலையில ப்ரூஃப் காஞ்சப்ப எந்திரிச்சு உக்காந்தவ, மத்தியானம் தொட்டியைச் சுத்தி ஓடுனா. மூச்சு வாங்கல, மயக்கம் இல்ல. நாங்க எல்லாரும் சேர்ந்து அம்மன் கோயில்ல பொங்கல் வச்சோம். வரிசையா உக்கார வச்சு இலை போட்டோம், பொங்கலும் வச்சோம், கடைசியில பாத்தா இலக்கியா முன்னால இலை இல்ல. அட, விட்டுப் போச்சேன்னு சிரிச்சோம். வெயிலாட்சி தன் இலையை நகத்திக் குடுத்தா.

அதுக்குப் பெறகு அது விட்டுப் போயிக்கிட்டே இருந்துச்சு. ஸ்கூல்ல டீச்சர் பேரு கூப்பிடுறப்ப அவ பேரைத் தாண்டிப் போயிருவாங்க. வேணும்னு இல்ல, நல்ல டீச்சர்தான், கண்ணு அந்த இடத்துல நிக்காது. பஸ்ஸுல கண்டக்டர் டிக்கெட் கேக்க மாட்டாரு. எந்த வீட்டு வாசல்ல நின்னு தண்ணி கேட்டாலும், இந்தா தாரேன் கண்ணுன்னு உள்ள போவோம், உள்ள போனா வேற சோலி வந்துரும். யாரும் அவளை வையல, அடிக்கல, விரட்டல. வஞ்சிருந்தாக் கூடப் பரவாயில்லைன்னு இப்ப நினைக்கேன். முன்பல்லு ஒண்ணு ஆடிக்கிட்டு இருந்தது ஆடிக்கிட்டே இருந்துச்சு, விழல. மத்த பிள்ளைங்களுக்குப் பாவாடை ஏறிப் போச்சு, அவளுக்கு மட்டும் அந்த மஞ்சக் கவுனு அப்படியே பொருத்தமா இருந்துச்சு.

ஒரு நா கண்ணாமூச்சி ஆடுறப்ப தொட்டிக்குள்ள போயி ஒளிஞ்சா. ஆட்டம் முடிஞ்சு, பிள்ளைங்க சாப்பிடப் போயி, விளக்கு வச்ச பெறகு அவளா மேல ஏறி வந்து சுபாகிட்ட கேட்டா, “என்னைய யாரும் கண்டுபிடிக்கல, அப்ப நான் ஜெயிச்சேனாக்கா?”

“உன்னைய யாருடி தேடுனா? நீ கணக்குல கிடையாதுல்ல?”ன்னா என் மக. கொழுப்பெடுத்துச் சொல்லல, உள்ளதைச் சொன்னா.

சோலைராசு ராத்திரி புரோட்டா வாங்கிட்டு வந்தா ரெண்டு பேருக்குத்தான் வாங்கிட்டு வருவான். வெயிலாட்சி அவன்கூட மல்லுக்கு நிப்பா, இலக்கிக்கு எங்கடான்னு கேப்பா, அவன் முழிப்பான், பெறகு தலையில அடிச்சுக்கிட்டு அழுவான், மறுநாளும் ரெண்டு பேருக்குத்தான் வாங்குவான். அவ ஒருத்திதான் விடாம பிடிச்சு வச்சிருந்தா. சோறு போடுறப்ப இலக்கி, துணி துவைக்குறப்ப இலக்கி, பஸ் ஏறுறப்ப இலக்கின்னு, மறந்துருவோமோன்னு பயந்து வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. அப்படிப்பட்டவகிட்ட ஒரு கல்யாண மண்டபத்துல சோலைராசு சொந்தத்துல ஒரு மதினி வந்து, உனக்கு எத்தனை பிள்ளைன்னு கேட்டிருக்கா. “இன்னும் இல்ல மதினி”ன்னு சொல்லிட்டா. சொல்லிட்டுக் குனிஞ்சு பாத்தா, முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பிள்ளை அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்குது.

அங்க இருந்து பந்திக்குக் கூட உக்காராம பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்துட்டா. வீட்டு வாசப்படியில மடியில வச்சுக்கிட்டு அழுகையா அழுதா. அந்தப் பிள்ளைதான் அவ கண்ணைத் துடைச்சு விட்டுச்சு.

“அம்மா, என்னையும் ஆட்டத்துல சேத்துக்கோயேம்மா.”

“சேத்துக்கிட்டா அவுட்டாயிருவடி தங்கம். அவுட்டானா திரும்பி வர முடியாது.”

“தெரியும். சுபாக்கா அவுட்டானா மரத்தடியில போயி உக்காந்துக்கிடுவா. அவ உக்காந்திருக்கான்னு எல்லாருக்கும் தெரியும்மா.”

வெயிலாட்சி எங்களையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னா, அந்த ஒப்புக்குச் சப்பாணிச் சட்டத்தை எடுக்கப் போறேன்னு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். “கூறு கெட்ட சிறுக்கி, கண்ணு முன்னால உசிரோட ஓடிக்கிட்டுத் திரியுது, அது போதாதா உனக்கு? பெத்தவளே பிள்ளையை அனுப்பி வைப்பாளா?”ன்னு வஞ்சேன். நல்லாக் கேளுன்னு காம்பவுண்டே என் பக்கம் நின்னுச்சு.

அவ கோவப்படல. “சரிக்கா. என் மக பேரு என்ன? சொல்லுங்க, எடுக்கல”ன்னா.

நான் வாயைத் திறந்தேன். நாக்கு நுனியில வந்து நின்னுருந்தாக் கூடப் பரவாயில்ல, வாய்க்குள்ள அப்படி ஒரு இடமே இல்ல. இந்த நீள வாய்க்குள்ள அந்தப் பேரு இல்ல. காம்பவுண்டுல ஒருத்தருக்கும் இல்ல. நாங்க எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தோம், அந்தப் பிள்ளை எங்க மூஞ்சிய ஒவ்வொண்ணாப் பாத்துச்சு. வெயிலாட்சி பிரஸ்ஸுக்குக் கிளம்புனா.

மறுநாள் காலையில ப்ரூஃப் காஞ்சிருக்கணும். ஏன்னா நான் வாசல்ல பெட்டி ஒட்டிக்கிட்டு இருந்தவ திடீர்னு, “ஏ இலக்கியா, பசையை மிதிச்சுட்டுப் போறியே, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?”ன்னு கத்துனேன். கத்திட்டுத்தான் எனக்கே தெரியுது என்ன கத்துனேன்னு. அந்தப் பிள்ளை அப்படியே நின்னு, பல்லு தெரியச் சிரிச்சு, இன்னொரு தடவை மிதிச்சுட்டு ஓடுச்சு. ஸ்கூல்ல பேரு கூப்பிட்டதும் உள்ளேன் டீச்சர்னு பக்கத்துக் கிளாஸுக்குக் கேக்குற மாதிரி கத்தி, உக்காருன்னதும் உக்காராம இன்னொருக்கா உள்ளேன் டீச்சர்னு கத்துனாளாம். சாயங்காலம் வந்து எல்லா வீட்டு வாசல்லயும் நின்னு தண்ணி கேட்டா. எல்லா வீட்டுலயும் குடுத்தோம், குடிக்க முடியாமக் குடிச்சா. ஆடிக்கிட்டு இருந்த பல்லு எங்க வீட்டு டம்ளர்லதான் விழுந்துச்சு. முகம் மறுபடியும் வெளுக்க ஆரம்பிச்சிருந்துச்சு. பாத்தோம், பாத்துக்கிட்டே அடுத்த டம்ளரை நீட்டுனோம்.

இருட்டுறதுக்கு முன்னாடி கண்ணாமூச்சி ஆடுனாங்க. அதே தொட்டிக்குள்ள போயி ஒளிஞ்சா. சுபா கண்ணைத் திறந்து, மரத்துக்குப் பின்னால பாத்து, படிக்கட்டுக்கு அடியில பாத்து, தொட்டியை எட்டிப் பாத்துக் கத்துனா: “இலக்கியா அவுட்டு!”

வெயிலாட்சி அப்ப சோறு வடிச்சுக்கிட்டு இருந்தா. மூச்சு வாங்க வாங்க அந்தப் பிள்ளை தொட்டியில இருந்து ஏறி, முத்தத்தைத் தாண்டி, எல்லாரையும் இடிச்சுக்கிட்டு ஓடி வந்து அடுப்படி வாசல்ல நின்னு, “அம்மா! என்னையக் கண்டுபிடிச்சிட்டாங்கம்மா! நான் அவுட்டும்மா!”ன்னுச்சு. என் ஆயுசுல ஒரு பிள்ளையை அவ்வளவு சந்தோசமா நான் பாத்ததில்ல. வெயிலாட்சி சட்டியை இறக்கி வச்சா, கஞ்சி கையில கொட்டுனது கூட அவளுக்குத் தெரியல. “ஆமாடி என் தங்கம். நீ அவுட்டு”ன்னா. பிள்ளை போயி மத்த அவுட்டான பிள்ளைங்களோட வேப்பமரத்துல சாஞ்சு உக்காந்து, மிச்ச ஆட்டத்தைப் பாத்துக்கிட்டு இருந்தா. ஆட்டம் முடிஞ்சு சுபா எல்லாரையும் கூப்பிட்டா. மத்த எல்லாரும் எந்திரிச்சாங்க.

இலக்கியா துட்டிக்கு ஊரே வந்துச்சு. ஒரு பொட்டு மழை இல்ல. மொதலாளி மாலையோட வந்து, ஒப்பாரி வச்சு ஓஞ்சு சுவத்துல சாஞ்சு கிடந்த வெயிலாட்சி பக்கத்துல குத்தவச்சாரு. நல்ல மனுஷன்தான், அவரும் அழுதுதான் இருந்தாரு. “துக்கச் சீட்டுன்னு ஒண்ணு இன்னும் அதுல கிடக்கும்மா. ஒரு முறை ஆடாம உக்காந்திருக்கணும்னு வரும்ல? ஆட்டத்துக்கு அது ஒண்ணும் தேவையில்ல. வெட்டிட்டேன்னா உனக்கும் லேசாயிரும், சோலைராசுக்கும் லேசாயிரும். நானே வேணா வெட்டச் சொல்றேன்”னாரு. சுத்தி இருந்த நாங்களும், வெட்டிரு வெயிலாட்சி, எதுக்குக் கிடந்து சாகுறன்னு சொன்னோம். எங்களுக்கு அது பழகிப் போச்சு.

“அது கிடக்கட்டும் அண்ணாச்சி”ன்னா வெயிலாட்சி. “அதை வெட்டுனா என் பிள்ளை மறுபடியும் கணக்குல இல்லாமப் போயிருவா.”